தெருமுனைக் கிளினிக்கை ஆய்வு செய்வது யார்?

எமது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுள் பெரும்பாலோர் அடுத்த சில வாரங்களுக்கு எங்களிடம் வருவதில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், மீதமுள்ள ஊசிகளைப் போட்டுக்கொள்ளுதல், இரத்த அழுத்தம் பார்த்தல், சர்க்கரை அளவைச் சோதித்தல் ஆகியவற்றுக்கு அவரவர் தெருமுனையில் உள்ள கிளினிக்கே போதும். நாங்களும் அதையே பரிந்துரைக்கிறோம். பழங்காநத்தம் ரவுண்டானாவிலிருந்து எத்திசையில் நடந்தாலும், வசந்த நகர்ப் பக்கமாயினும் ஜெய்ஹிந்துபுரம் பக்கமாயினும், மாலை ஆறு மணிக்கு மேல் வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும் ஒரு கிளினிக்கையேனும் காணலாம். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, பல்வலி என அன்றாட நோய்களுக்கு நம் மக்கள் முதலில் நாடுவது இத்தகைய ஓரறை, ஈரறைக் கிளினிக்குகளையே.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "இந்த ஊசியை எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?" தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நாங்கள் விடையளிக்கையில், அக்கிளினிக்கை யாரோ ஒருவர் வந்து பார்த்திருக்கிறார், ஊசியும் கருவியும் தூய்மையாக இருக்கின்றனவா என்று சோதித்திருக்கிறார் என்னும் நம்பிக்கை எங்களிடமும் இருக்கிறது, கேட்பவரிடமும் இருக்கிறது. அந்நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதை இம்மடலில் சற்று விரிவாக எழுத விழைகிறோம்.

நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் 2022ஆம் ஆண்டின் பிற்பாதி முதல் 2023ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை சிலருக்குக் காய்ச்சல், கடுந்தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவை கண்டன. மூளையைத் தாக்கிய தொற்று என்பது விரைவிலேயே தெரிந்தது. கிருமி எது என்று ஆராய்ந்தபோது மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி வெளிப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் இணைந்து தேடியதில் 21 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. அவர்களுள் 10 பேர் ஒரே பல் மருத்துவக் கிளினிக்குக்குச் சென்று வந்தவர்கள். அப்பத்துப் பேரில் எண்மர் இறந்தனர். அக்கிளினிக்குக்குச் செல்லாத 11 பேரில் இறந்தவர் ஒருவரே.

அந்தக் கிளினிக்கில் வாய் கழுவவும் பல்லைச் சுத்தம் செய்யவும் பயன்பட்டுவந்த, ஏற்கெனவே திறக்கப்பட்ட ஒரு சலைன் புட்டியில் அக்கிருமி இருந்தது. பல் சிகிச்சைக்கான ஒரு கருவியைக் கொண்டே புட்டியைத் திறந்து, தளர்வாக மூடிவைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கின்றனர் என்று ஆய்வறிக்கை கூறுகிறது. வாய்க்குள் ஏற்பட்ட காயத்தின் வழியே நுழைந்த கிருமி நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை அடைந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. இச்செய்தி பொதுமக்களை எட்டியது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். கிளினிக் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது.

மெலியாய்டோசிஸ் பற்றி ஒரு சிறு செய்தி. இந்நோயை 1911–12ஆம் ஆண்டுகளில் ரங்கூன் பொது மருத்துவமனையில் முதன்முதலில் கண்டறிந்து எழுதியவர்கள் விட்மோர் என்னும் ஆங்கிலேயரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமி என்னும் மருத்துவரும் ஆவர். பாடநூல்கள் பெரும்பாலும் முன்னவர் பெயரை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன. வயற்சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி இது, மழைக்காலத்தில் மிகும், சர்க்கரை நோயாளிகளை எளிதில் பற்றும். ஊட்டம் ஏதுமற்ற வடிநீரில் இக்கிருமியை இட்டுவைத்த ஆய்வாளர்கள் 16 ஆண்டுகள் கழித்தும் அது உயிரோடிருக்கக் கண்டனர். அத்தகைய உயிரிக்கு மூடியில்லாத சலைன் புட்டி ஓர் அரண்மனை.

அந்தக் கிளினிக்கில் முறையாகப் படித்த மருத்துவர் இருந்தார், நாற்காலி இருந்தது, விளக்கு இருந்தது, கருவிகள் இருந்தன. கேடு விளைந்தது சில ரூபாய் விலையுள்ள ஒரு புட்டியில், அதைத் திறந்த விதத்தில், மிச்சத்தைக் கொட்டாமல் வைத்த பழக்கத்தில். ஓர் ஆய்வாளர் முந்தைய மாதம் வந்து போயிருந்தால் அப்புட்டி அவர் கண்ணில் பட்டிருக்குமா? இவ்வினாவை மருத்துவர்களாகிய எங்களுக்குள் பலமுறை கேட்டுக்கொண்டோம். பட்டிருக்கலாம், படாமலும் போயிருக்கலாம். எதற்காக ஆய்வாளர் வருகிறார் என்பதைப் பொறுத்தது அது.

தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே இயற்றிவிட்டது. இந்தியாவின் பல மாநிலங்களுக்கு இது முந்தியது. மத்திய அரசு இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்ததே 2010இல்தான். ஆயினும் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கான விதிகள் 2018ஆம் ஆண்டில்தான் வெளிவந்தன. இடைப்பட்ட 21 ஆண்டுகள் சட்டம் பெட்டிக்குள் உறங்கியது எனலாம். இன்று மருத்துவமனை, கிளினிக், பல் மருத்துவ நிலையம், இரத்தப் பரிசோதனைக் கூடம் முதலிய யாவும் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாவட்ட அளவில் இதற்குப் பொறுப்பானவர் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். பதிவுச் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். அதனை வருவோர் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும்.

இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து வருபவர்கள் பார்ப்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை: மருத்துவரின் படிப்பும் பதிவு எண்ணும், அறைகளின் அளவு, காற்றோட்டம், கழிப்பறை, கருவிகள், அவசர மருந்துகள், பதிவேடுகள். மருத்துவக் கழிவைப் பார்ப்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பையிலும், ஊசி முனைகள் துளைக்க இயலாத வெள்ளைக் கலனிலும், கண்ணாடி நீலப் பெட்டியிலும் சேர வேண்டும்; இரண்டு நாளுக்கு மேல் எதுவும் தேங்கக் கூடாது. எக்ஸ்ரே இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கருவுற்ற தாய்மார்க்கு ஸ்கேன் எடுத்தால் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேறோர் அதிகாரி. மாடிக் கட்டடமானால் தீயணைப்புத் துறை. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைப் பார்த்துக் கையெழுத்திட்டுச் செல்கின்றனர். வீட்டைப் பார்க்க வந்த ஐவருள் ஒருவர் கதவையும், ஒருவர் கூரையையும், ஒருவர் கிணற்றையும் பார்த்துவிட்டுப் போக, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உறங்குகிறார்களா என்று எவருமே கேளாத நிலை இது.

நம் பகுதிக்கு அண்மையிலேயே இதன் விளைவைக் கண்டோம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பற்றியது. ஒரு குழந்தை உள்பட ஆறு பேரேனும் இறந்தனர். அவர்களுள் சிலர் மின்தூக்கிக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் மீட்கப்பட்டவர்கள். தீப்பிடித்தால் மின்தூக்கியில் ஏறலாகாது என்பது எல்லாரும் படித்த பாடம். ஆயினும் புகை சூழ்ந்த இரவில் நோயாளியின் உறவினரிடம் "படிக்கட்டுக்கு வாருங்கள்" என்று கூறி வழிகாட்ட வேண்டியவர் யார் என்பதை அவ்விரவுக்கு முன்பே ஒருவர் முடிவு செய்து, பணியாளர்களுக்குச் சொல்லி, பழக்கியும் வைத்திருக்க வேண்டும். தீயணைப்புச் சான்றிதழில் அதற்கான கட்டம் இல்லை.

இதைத்தான் தலைமை என்கிறோம். பதவியையும் பெயர்ப்பலகையையும் குறித்து நாங்கள் பேசவில்லை. எது யார் பொறுப்பு என்பது தெளிவாக இருத்தல், தவறு நேர்ந்தால் அது மேலே சொல்லப்படுதல், சொன்னவருக்குத் தீங்கு வாராதிருத்தல் ஆகிய மூன்றையுமே குறிக்கிறோம்.

இங்கிலாந்தில் கிளினிக்குகளை ஆய்வு செய்யும் முறையில் இதற்குத் தனி இடம் உண்டு. 2009இல் தொடங்கப்பட்ட பராமரிப்புத் தர ஆணையம் அங்குள்ள குடும்ப மருத்துவர் கிளினிக்குகளையும் சோதிக்கிறது. கேள்விகள் ஐந்து: இவ்விடம் பாதுகாப்பானதா? சிகிச்சை பலன் தருகிறதா? பரிவோடு நடத்துகிறார்களா? தேவைக்கேற்பச் செவிசாய்க்கிறார்களா? நல்ல தலைமை உள்ளதா? ஐந்துக்கும் தனித்தனியே தரம் இடப்படும். பெற்ற தரத்தை வாசலில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது 2015 முதல் அங்குச் சட்டம். பாதுகாப்பில் குறைந்த தரம் பெறும் கிளினிக் தலைமையிலும் குறைந்த தரம் பெறுவது அங்கு அடிக்கடி காணும் செய்தி, அதில் வியப்பில்லை. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை பத்து நாள்களாக எழுதப்படவில்லை என்றால் அது பெட்டியின் குறையன்று. எழுதவில்லையே என்று கேட்க ஒருவரும் இல்லை என்பதே அதன் பொருள்.

அங்கு இத்தகைய கண்காணிப்பு வலுப்பெற்றதற்குப் பின்னே ஒரு கொடிய வரலாறு உண்டு. மான்செஸ்டர் அருகே ஹைடு என்னும் ஊரில் ஹெரால்டு ஷிப்மன் என்றொரு குடும்ப மருத்துவர் இருந்தார். தனியொருவராகக் கிளினிக் நடத்தினார். நோயாளிகள் அவரை விரும்பினர். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நீதிமன்றம் அவர் 15 நோயாளிகளைக் கொன்றார் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் நடந்த விசாரணையில் கொல்லப்பட்டோர் 215 பேர் எனக் கண்டறியப்பட்டது. இதை நம் ஊர்க் கிளினிக்குகளோடு ஒப்பிடுவதற்காகக் கூறவில்லை. அவ்வாறு எண்ணுவது பெரும் அநீதி. ஐயம் முதலில் எங்கே எழுந்தது என்பதற்காகவே கூறுகிறோம். பிணங்களை அடக்கம் செய்யும் நிலையத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, இம்மருத்துவரின் நோயாளிகளில் இத்தனை பேர் இறக்கிறார்களே என்று கவலைப்பட்டார். அக்கவலையைக் கேட்ட பக்கத்துக் கிளினிக் பெண் மருத்துவர் 1998 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரியிடம் சென்றார். காவல்துறை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடியது. அதன்பிறகும் மூவர் இறந்தனர். ஒரே மனிதர் மருத்துவராகவும் முதலாளியாகவும் பதிவேட்டை எழுதுபவராகவும் இருக்கும் இடத்தில், உள்ளிருந்து கேள்வி கேட்பதற்கு ஆள் இல்லை.

வெளிநாட்டு முறையை வானளாவப் புகழ்வதும் எங்கள் நோக்கமன்று. அதே ஆணையமே ஆய்வுகளில் பின்தங்கிவிட்டது, பல இடங்களை ஆண்டுக்கணக்கில் பார்க்கவே இல்லை என்று 2024ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு அமைத்த மறுஆய்வு கடுமையாகச் சாடியது. வாசலில் நன்று என ஒட்டியிருந்த தரம் எந்த ஆண்டில் பெற்றது என்பதையும் மக்கள் பார்க்க வேண்டியதாயிற்று. ஆய்வு என்பது ஒரு நாளின் படம். நம் ஊரிலும் ஆய்வுக் குழு வருகிறது என்றால் முந்தைய நாள் பினாயில் மணக்கும், பதிவேடுகளில் மை புதிதாக ஈரம் காட்டும். இது கிளினிக்குகளுக்கு மட்டும் உரிய குணமன்று; பள்ளி ஆய்வாளர் வரும் நாளை நினைத்துப் பாருங்கள்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடைமுறையில் உள்ள தேசியத் தர உறுதிச் சான்றுக்கான ஆய்வை இவ்வகையில் நாங்கள் மதிக்கிறோம். அதில் மதிப்பீட்டாளர் நான்கு வழிகளில் உண்மையைத் தேட வேண்டும்: தாமே பார்த்தல், பதிவேட்டைப் புரட்டுதல், பணியாளரைக் கேட்டல், நோயாளியைக் கேட்டல். கை கழுவும் முறை சுவரில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது, துப்புரவுப் பணியாளரை அழைத்து, "இரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேட்பார்கள். அவர் தயங்காமல் விடையளித்தால் அங்கு யாரோ பொறுப்போடு கற்றுக்கொடுத்திருக்கிறார் என்பது விளங்கும். அத்தகைய ஆய்வில் உங்களிடம் ஒருவர் வந்து கேள்வி கேட்டால், டாக்டருக்குச் சங்கடம் நேருமோ என்றெண்ணி எல்லாம் நன்று எனக் கூறிவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் உங்கள் வாயிலிருந்து மட்டுமே அறியக்கூடியவை சில உண்டு.

தனியார் மருத்துவமனைகளுக்கு என்.ஏ.பி.எச். தரச்சான்று உண்டு. அதன் அளவுகோல்களில் தொற்றுத் தடுப்புக்கும் நோயாளி பாதுகாப்புக்கும் நிர்வாகத்தின் பொறுப்புக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பெறுவது. ஓரறைக் கிளினிக் நடத்துபவர் அப்பக்கம் எட்டிப் பார்ப்பது அரிது.

ஆகவே தெருமுனைக் கிளினிக்கின் தலைமையை அன்றாடம் பார்ப்பவர்கள் இருவரே. ஒருவர் அங்கு வேலை செய்யும் உதவியாளர். மற்றவர் நீங்கள்.

உதவியாளரைப் பற்றி முதலில் கூற வேண்டும். பல கிளினிக்குகளில் அவர் முறையாகச் செவிலியம் பயின்றவர் அல்லர். பக்கத்துத் தெருவைச் சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண். அவருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவருக்கு முன் இருந்த பெண். அவருக்கு அதற்கு முன் இருந்தவர். ஊசி மருந்துக் குப்பியில் திறந்த நாளை எழுத வேண்டும் என்பதும், இன்சுலின் குப்பியைத் திறந்து 28 நாளானால் எறிந்துவிட வேண்டும் என்பதும், கொதிநீரில் போட்டெடுத்த கத்தரிக்கோல் கிருமி நீங்கியதாகாது, 121 டிகிரி நீராவியழுத்தத்தில் கால் மணி நேரமேனும் ஆட்டோகிளேவில் இருந்தாக வேண்டும் என்பதும் இச்சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியில் அறுந்துபோயிருக்கலாம். அவரைக் குறை கூறுவது எளிது. அறுந்த கண்ணியைத் தேடிப் பார்க்கும் கடமை மருத்துவருடையது. வாணியம்பாடியில் புட்டியை மூடிவைத்த கை யாருடையதாயினும், மிச்ச சலைனைக் கொட்டிவிடு, விலையைப் பாராதே என்று அக்கைக்குச் சொல்லியிருக்க வேண்டிய குரல் ஒன்று உண்டு.

அதேபோல், டாக்டர் அவசரத்தில் ஒரு தவறு செய்யும்போது, "சார், அந்த ஊசி ஏற்கெனவே பிரித்தது" என்று அப்பெண்ணால் சொல்ல முடிகிறதா என்பதையே ஒரு கிளினிக்கின் உயர்ந்த சோதனையாக நாங்கள் கருதுகிறோம். நோயாளியின் முன்னிலையில் அவ்வாறு சொன்னவரைக் கடிந்துகொள்ளாமல், "சரிம்மா, வேறு எடு" என்று கூறும் மருத்துவரைக் கண்டால் அவரை விடாதீர்கள். பெரிய பட்டங்கள் பெற்ற மற்றொருவரைக் காட்டிலும் அவரிடம் உங்கள் குழந்தை பாதுகாப்பாக இருக்கும்.

ஊசியைப் பற்றி அச்சமூட்டவேண்டும் என்பதற்காகப் பேசவில்லை. 2002 முதல் 2004 வரை இந்தியா முழுதும் நடந்த ஓர் ஆய்வில், போடப்பட்ட ஊசிகளில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒரு வகையில் பாதுகாப்பற்றவை எனத் தெரியவந்தது. அதன்பின் நிலைமை பெரிதும் மேம்பட்டுள்ளது. ஒருமுறை மட்டுமே பயன்படும் சிரிஞ்சுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்ட போலி மருத்துவரால் பலர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர் என்னும் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே பாகிஸ்தானில் லர்கானா மாவட்டத்து ரத்தோடெரோ என்னும் சிற்றூரில் பல நூறு பேருக்கு அதே தொற்று கண்டறியப்பட்டது, பெரும்பாலோர் குழந்தைகள். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு ஊசி போட்டால்தான் குணமாகும் என்று பெற்றோரே வற்புறுத்துவது அங்கும் வழக்கம், இங்கும் வழக்கம். மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னால் மனக்குறைப்பட்டு வேறு கிளினிக் தேடும் பெற்றோரை நாங்கள் அறிவோம். தேவையற்ற ஊசியைத் தவிர்ப்பதைவிடப் பாதுகாப்பான ஊசி வேறில்லை.

இனி, நீங்கள் என்ன பார்க்கலாம்? பதிவுச் சான்றிதழ் மாட்டப்பட்டிருக்கிறதா, அதில் உள்ள காலம் முடிந்துவிட்டதா என்பதைக் காத்திருக்கும் நேரத்திலேயே பார்த்துவிடலாம். மருத்துவரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சிரிஞ்சின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா? போட்ட ஊசியின் முனையை உடனே வெட்டியில் நறுக்குகிறார்களா, மேசைமேல் வைத்துவிட்டு அடுத்தவரை அழைக்கிறார்களா? பல் பிடுங்கும் முன்போ கட்டுப் பிரிக்கும் முன்போ கருவிகள் உறையிலிருந்து வருகின்றனவா, திறந்த தட்டிலிருந்தா? ஆட்டோகிளேவில் வைத்தெடுத்த உறையின்மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் தோன்றியிருக்கும். அதைக் காட்டச் சொல்லலாம். சலைன் புட்டி புதிதாகத் திறக்கப்படுகிறதா? இவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஐயம் வந்தால் கேளுங்கள்.

கேட்பதில்தான் நம்மவர்க்குத் தயக்கம். டாக்டரிடம் எப்படிக் கேட்பது, கோபித்துக்கொள்வாரே, அடுத்த முறை போனால் முகம் கொடுத்துப் பேசமாட்டாரே என்று எண்ணுகிறோம். "டாக்டர், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, புண் சீக்கிரம் ஆறாது, அதனால்தான் கேட்கிறேன், புது ஊசிதானே?" என்று காரணத்தோடு கேட்டால் மனம் நோகும் மருத்துவர் அரியர். எங்கள் நோயாளிகள் எங்களை இவ்வாறு கேட்பதுண்டு. சிறிது சுருக்கென்று படும், மறுக்கவில்லை. அடுத்த நோயாளிக்குக் கை தானாகவே கவனமாகும். டாக்டர் வெளியூர் போனால் யாரிடம் வர வேண்டும், இரவில் காய்ச்சல் கூடினால் யாரை அழைப்பது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. ஒருவர் பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் உடனே சொல்லும் கிளினிக்கில் பொறுப்பு எங்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

கேட்டும் பயனில்லை, கண்முன்னே பழைய ஊசியைப் போடுகிறார்கள் என்றால், முதலில் அங்கு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பின்னர் மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நாள், நேரம், கண்டது ஆகிய மூன்றும் போதும். 104 என்னும் அரசின் உதவி எண்ணையும் அழைக்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய முறையீடாயின் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குச் செல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கிளினிக்கின் பெயரைப் போட்டுத் தூற்றுவதால் ஆய்வாளர் வருவதில்லை. நல்ல மருத்துவர் ஒருவர் பெயர் கெடுவதே பல நேரங்களில் மிஞ்சும்.

இன்னும் ஒன்று. எங்களைப் பொறுத்தவரை இக்கட்டுரையில் இதுவே முதன்மையானது. வாணியம்பாடி நோயாளிகளுக்கிடையே இருந்த தொடர்பைப் புலனாய்வாளர்கள் கண்டுபிடித்தது எவ்வாறு? ஒவ்வொரு குடும்பத்திடமும் நோய்க்கு முன் எங்கெங்கே சிகிச்சை பெற்றீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுத்தான். பல்வலிக்குப் போன கிளினிக்குக்கும் சில நாளுக்குப் பின் வந்த பேச்சுக் குழறலுக்கும் தொடர்பிருக்கும் என்று எந்தக் குடும்பம் நினைத்திருக்கும்? எங்கள் வார்டிலும் இவ்வினாவைக் கேட்கிறோம். வேறு டாக்டரிடம் போனதைச் சொன்னால் நாங்கள் கோபித்துக்கொள்வோம் என அஞ்சி, "எங்கேயும் போகவில்லை" என்று விடையளிப்போர் பலர். தாத்தாவுக்கு நாட்டு வைத்தியர் போட்ட கட்டையும், பேத்திக்கு மருந்துக்கடையில் போட்ட ஊசியையும் மறைத்துவிடுகின்றனர். கோபிக்க மாட்டோம். ஒரே வாரத்தில் ஒரே கிளினிக்கின் பெயரை மூன்று குடும்பங்கள் சொன்னால், ஆய்வாளர் எவரும் வருவதற்கு முன்பே பொதுச் சுகாதாரத் துறைக்கு எங்களால் தகவல் அனுப்ப முடியும். நான்காம் குடும்பத்துக்கு அது தெரியாமலே நன்மையாகும்.

ஆகவே காய்ச்சலோடு எங்களிடம் வரும்போது, கடந்த ஆறு வாரங்களில் போட்டுக்கொண்ட ஊசி, ஏற்றிய சலைன், பிடுங்கிய பல், தைத்த காயம், குத்திய காது யாவற்றையும் நாளோடும் இடத்தோடும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். கிளினிக்கின் பெயர் நினைவில் இல்லாவிட்டால் மருந்துச் சீட்டையே கொண்டுவரலாம். சீட்டும் கொடுக்கவில்லை என்றால், ரவுண்டானாவிலிருந்து எத்தனையாவது தெரு என்று சொன்னாலும் எங்களுக்குப் போதும்.